லுவான் மின் சொன்ன சம்மதங்கள்

லுவான் மின் வாயைத் திறந்தால்தான் தொல்லை. மற்றபடி வடகிழக்குச் சீனாவின் சாங்சுன் நகரத் தெருக்களில் அவளை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். குட்டையான உருவம், கழுத்துவரை கம்பளி, மூக்குக்குமேல் மூடிய துணி. ஆனால் காய்கறிக்கடையில் நின்று "முட்டைக்கோஸ் என்ன விலை?" என்று கேட்டுவிட்டால் போதும், கடைக்காரி தராசைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள்.

"நீங்க அந்தப் படத்துல புருஷன் மூஞ்சியில சாவியை விட்டெறிஞ்சுட்டுப் போனவங்கதானே?"

"எறிஞ்சது அந்த அமெரிக்காக்காரிதாங்க. நான் குரல் மட்டுந்தான்."

"யார் எறிஞ்சா என்ன, நல்லா எறிஞ்சீங்க. ரெண்டு கோஸ் எடுத்துக்கங்க."

வெளிநாட்டுப் படங்களுக்குச் சீனத்தில் குரல் கொடுப்பது அவள் வேலை. உள்நாட்டுப் படங்களுக்கும் கொடுப்பாள். நம் நடிகைகளில் பாதிப் பேருக்கு முகம் அமைந்த அளவுக்குக் குரல் அமைவதில்லை, அல்லது வாயைத் திறந்தால் சொந்த ஊர் வாடை அடிக்கும். அதனால் ஒரே வாரத்தில், ஒரே தொண்டையை வைத்துக்கொண்டு, காலையில் அமெரிக்கப் பெண்ணாகவும் மதியம் சீனப் பெண்ணாகவும் இருக்கவேண்டும். காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போவாள். மதியம் அதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வருவாள். இடையில் சோறு. அதிலும் பால் கூடாது, காரம் கூடாது, வயிறு கொஞ்சம் உறுமினாலும் மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவள் எல்லென். எல்லென் பாலம் கட்டுகிற பொறியாளர். கட்டிக்கொள்ளப்போகிறவன் ஏரிக்கரையில் வீடு கட்டி முடித்து, திரைச்சீலைக்கு நிறம்கூடத் தேர்ந்துவிட்டான். அவளுக்குத் தொலைதூர நகரத்தில் பெரிய பாலம் ஒன்று கிடைக்கிறது. வாசலில் நின்று சொல்கிறாள்: "நான் உன்கூட வரலை, வால்ட்டர். எனக்கு அந்த வேலை வேணும்." அவ்வளவுதான். அழுகை இல்லை, பின்னால் வயலின் இல்லை. அவன் மழையில் ஓடிவந்து கட்டிப்பிடிப்பதும் இல்லை. படம் முடிகிறபோது அவள் பாலத்தின்மேல் தனியாக நின்று காபி குடிக்கிறாள்.

மொழிபெயர்த்தவர் அந்த இடத்தில் "என்னை மன்னிச்சுடு, என்னால வர முடியாதுபோல இருக்கு" என்று எழுதியிருந்தார். மின் சண்டை பிடித்து மாற்றினாள். உதடு சின்னதாகத்தானே அசைகிறது, இவ்வளவு மன்னிப்பை எங்கே திணிப்பது என்று கேட்டாள். உண்மைக் காரணம் உதடு இல்லை என்பது ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தியேன் சாருக்குத் தெரியும். ஆனாலும் மாற்றவிட்டார்.

தியேன் சார்தான் டப்பிங் இயக்குநர். ஓய்வுபெறும் வயது தாண்டியும் அந்த நாற்காலியை விட்டு எழாதவர். வசனம் சரியாக விழுந்தால் கண்ணாடிக்குள்ளிருந்து கட்டைவிரலைக் காட்டுவார், விழாவிட்டால் தேநீர் குடிப்பார்.

மதியம் அவள் ஷுயேர். ஷுயேருக்கு ஷாங்காயில் பெரிய கம்பெனியில் பெரிய வேலை. புத்தாண்டுக்கு ஊருக்கு வந்தவள், பழைய வகுப்புத் தோழன் ரயிலடியில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு பனியில் நிற்பதைப் பார்த்து மனம் மாறி, வேலையை விட்டுவிடுகிறாள். "சம்மதம்" என்று ஒரே சொல். அதைச் சொல்வதற்கு முன்னால் மூன்று நிமிடம் அழவேண்டும்.

அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு மின் வெளியே வந்தபோது தியேன் சார் வெந்நீர்க் குடுவையை நீட்டினார்.

"பாவம்மா நீ. காலையில ஒருத்தனைக் கழட்டிவிட்டே, மதியம் ஒருத்தனைக் கட்டிக்கிட்டே."

"அமெரிக்காக்காரிக்கு ஒரு வரி போதும் சார். நம்ம பொண்ணுங்களுக்கு அம்மா, அப்பா, பனி, கிழங்கு, எல்லாத்தையும் பத்திப் பேசினாத்தான் வாயிலருந்து வார்த்தை வருது."

"ரொம்ப மெச்சிக்காதே. அவங்க படத்துலயும் முக்காவாசி கடைசி ரீல்ல ஆளு ஓடி வந்துடுவான். வேலையும் கெடைக்கும், ஆளும் கெடைப்பான், பாத்திரத்தை யாரு கழுவுறாங்கன்னு மட்டும் காட்டமாட்டாங்க. நம்ம ஆளுங்களாவது ரெண்டுல ஒண்ணுதான்னு நேர்மையாச் சொல்றாங்க."

"அந்த ஒண்ணு ஏன் சார் எப்பவும் அதே ஒண்ணா இருக்கு?"

தியேன் சார் தேநீர் குடித்தார்.

அப்போதுதான் அவள் சொன்னாள். பெய்ஜிங்கில் ஒரு டப்பிங் கம்பெனி அவளை இயக்குநராகக் கூப்பிட்டிருக்கிறது. குரல் கொடுக்க அல்ல, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார. எந்தப் பெண் எந்த வார்த்தையைச் சொல்லவேண்டும் என்று தீர்மானிக்க. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். போகத்தான் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை எல்லென் படத்தின் முன்காட்சியைப் பார்த்துவிட்டு, இரண்டு வருஷமாகப் பழகுகிற ஹாய்போவிடம் சொல்லிவிடப்போகிறாள்.

பாராட்டுவார் என்று நினைத்தாள். அவர் முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. குடுவை மூடியைத் திருகினார், திரும்பவும் கழற்றினார்.

"ஞாயித்துக்கிழமையேவா? அவசரப்படாதேம்மா. இல்லே... நாளைக்கே சொல்லிடேன். நேர்ல போயி."

"நாளைக்கு அவனுக்குக் கிளினிக் சார். சனிக்கிழமைதான் ஊர்ப்பட்ட பல்லும் வலிக்கும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, "சரி, தொண்டையைப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னார். தன்னை அனுப்ப மனமில்லை போலிருக்கிறது என்று மின் நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பைத்தியக்காரிக்கு.

குவான் ஹாய்போ பல் டாக்டர். அம்மா பொய்ப்பல் கட்டப் போன இடத்தில் மாப்பிள்ளையையும் பார்த்துவிட்டு வந்தாள். வாயைப் பிளந்து படுத்திருந்தபோதே, ஜாடையிலேயே, கல்யாணமாகிவிட்டதா என்று விசாரித்திருக்கிறாள். அவனும் நல்லவன்தான். பொய்யான நல்லவன் இல்லை, பனிக்காலத்தில் அவள் காலணிக்குள் செய்தித்தாளைச் சுருட்டி வைத்து ஈரம் எடுக்கிற நல்லவன். அவள் குரல் என்றால் அவனுக்கு உயிர். நண்பர்களோடு சாப்பிடப் போனால் விடமாட்டான். "மின், அந்த ராணி வசனம் சொல்லேன், என் பேரைப் போட்டு." அவளும் படத்து வசனத்தில் அவன் பெயரைப் போட்டுச் சொல்வாள். மேஜை முழுக்கச் சிரிக்கும். இரண்டு வருஷமாக அது அவர்களுடைய விளையாட்டு.

அவளுக்கு அவனைப் பிடிக்காமல் இல்லை. ஆனால் பெய்ஜிங் வேலைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் அவன் சின்னதாகத் தெரிந்தான். அப்படித் தெரிவது அவளுக்கே வெட்கமாக இருந்தது. மூன்று வாரமாகச் சொல்ல நினைத்து, ஒவ்வொரு முறையும் அவன் இறால் தோலை உரித்து அவள் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருக்க, என்ன சொல்வது?

சனிக்கிழமை அம்மா புளித்த முட்டைக்கோஸ் வைத்துக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அந்தச் சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கடீ."

"படம் பாக்கத்தானேம்மா போறோம். இருட்டுல எதுக்குச் சிவப்பு?"

"சொன்னாக் கேளேன். எப்பப் பாரு சாம்பல் கலர்ல, தகரக் கொட்டாய் மாதிரி. ஆமா, அந்தப் படத்துல உன் ஆளு என்ன ஆவா?"

"பாலம் கட்டப் போயிடுவா. கட்டிக்கப்போறவனை விட்டுட்டு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லே. பாலத்து மேல நின்னு காபி குடிப்பா."

"காபி குடிக்கிறதுக்கா ஒருத்தி அவ்வளவு தூரம் போவா? வீட்ல காபி இல்லையா?" அம்மா மாவைத் தட்டினாள். "அந்த ஊர்ல அம்மாக்காரங்களே இல்லையாடீ? எந்தப் படத்துலயும் பாத்ததே இல்லை. நம்ம படத்துல பாரு, எந்தக் கதவைத் திறந்தாலும் ஒரு அம்மா நிப்பா."

மின் சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியபோது, இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அம்மா, நான் பெய்ஜிங் போறேன். ஆனால் அம்மா பாட்டை முணுமுணுத்தபடி, மாவுக் கையோடு, என்றைக்குமில்லாத சந்தோஷத்தில் இருந்தாள். எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று மகள் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை.

இரவு குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, எல்லென் எப்படி நிற்பாளோ அப்படித் தோளை வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் மாற்றி அந்த வாசல் வரியைச் சொல்லிப் பார்த்தாள். நன்றாக வந்தது. தியேன் சார் இருந்திருந்தால் கட்டைவிரல் காட்டியிருப்பார்.

ஞாயிறு மதியம் தியேட்டர் வாசலில் ஹாய்போ புதுக் கோட்டில் நின்றான். காது சிவந்திருந்தது. குளிருக்குத்தான் என்று நினைத்தாள். அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, சீட்டுக்கூடக் கிழிக்காமல் உள்ளே கூட்டிப்போனான். சின்ன அரங்கம். விளக்கு அணைந்திருந்தது. உட்கார்ந்ததுமே திரை வெளிச்சமானது.

முதலில் வந்தது பழங்காலத்து மணப்பெண். சிவப்பு முக்காட்டை விலக்கி "சம்மதம்" என்றாள். மின் குரல். அடுத்து வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டரம்மா, மருத்துவமனைத் தாழ்வாரத்தில்: "சம்மதம்." அதுவும் மின். கிராமத்துப் பள்ளி வாத்தியாரம்மா, ஷாங்காய் வக்கீல், ராணுவக்காரனின் காதலி, ஒன்றன்பின் ஒன்றாக. அழுதுகொண்டே சம்மதம், சிரித்துக்கொண்டே சம்மதம், மழையில் சம்மதம், மரணப்படுக்கைக்குப் பக்கத்தில் சம்மதம். கடைசியாக, வெள்ளிக்கிழமை ஒலிப்பதிவான ஷுயேர், பனியில், கிழங்கைக் கையில் வாங்கிக்கொண்டு: "சம்மதம்."

முகங்கள் அத்தனையும் வேறு. தொண்டை ஒன்றே.

விளக்கு எரிந்தது. அரங்கம் நிறைய ஆட்கள். ஹாய்போவின் அம்மா அப்பா, கிளினிக் ஆட்கள், இவளுடைய சித்திகள், ஸ்டூடியோக் கூட்டம், முதல் வரிசையில் அம்மா. எல்லார் கையிலும் ஃபோன், எல்லா ஃபோனும் இவளை நோக்கி. ஹாய்போ மைக்கோடு முன்னால் நின்றான்.

"இதுல ஒண்ணுகூட நான் செஞ்சது இல்லீங்க. எல்லாம் தியேன் சார் தேடிக் கொடுத்தது. அமெரிக்கப் படத்துலயும் தேடச் சொன்னேன். அங்க நம்ம ஆளு எப்பப் பாத்தாலும் பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிக்கிட்டே இருக்கா. ஒரே ஒரு சம்மதம் சிக்குச்சு, அதுவும் அடுத்த சீன்ல விவாகரத்து."

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. மின் திரும்பித் தியேன் சாரைத் தேடினாள். இரண்டு வரிசை பின்னால் இருந்தார். தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை குடுவை மூடியை ஏன் அத்தனை தடவை திருகினார் என்று அவளுக்கு அப்போது புரிந்தது. ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டிருப்பார். சினிமாக்காரர்கள் எந்த வாக்கைக் காப்பாற்றாவிட்டாலும் முடிவைச் சொல்லமாட்டோம் என்ற வாக்கைக் காப்பாற்றிவிடுவார்கள்.

ஹாய்போ திரையைக் காட்டினான். "மின், இன்னும் ஒண்ணு இருக்கு. இதைப் பாரு."

திரையில் ஒரு சின்ன அறை. சுவர், கூரை, கதவு எல்லாவற்றிலும் மேடும் பள்ளமுமாகப் பஞ்சு ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு மைக், ஒரு நாற்காலி, வெந்நீர்க் குடுவை வைக்க ஒரு பலகை.

"கிளினிக்குக்குப் பின்னாடி வீடு பாத்திருக்கேன். அதுல இது உன் ரூம். நானே ஒட்டினேன், லீவு நாள்ல எல்லாம். இனி பனியில ஸ்டூடியோவுக்குப் போயி அல்லாட வேணாம். இங்கேயே உக்காந்து பேசலாம். சத்தம் ஒரு பொட்டு வெளிய போகாது."

"இப்படி ஒரு பையன் கெடைப்பானா?" என்றாள் ஒரு சித்தி, எல்லாருக்கும் கேட்கும்படி.

அவன் மண்டியிட்டான். மோதிரப் பெட்டியைத் திறந்த விரலில் வெட்டுக்காயம் இருந்தது, பஞ்சு வெட்டியபோது பட்டிருக்கவேண்டும். மின் அந்தக் காயத்தைத்தான் பார்த்தாள். அவனிடம் ஒரு கெட்ட குணமாவது இருந்திருக்கக்கூடாதா என்று தவித்தாள்.

"சொல்லு! சொல்லு!" என்று கிளினிக் ஆட்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள்.

"இத்தனை தடவை சொல்லிட்டா, இன்னொரு தடவை சொல்றதுல என்ன வந்துச்சு?" என்றார் ஹாய்போவின் அப்பா.

முதல் வரிசையில் அம்மா புதுப் பல் தெரிய அழுதுகொண்டிருந்தாள். மின்னின் அப்பா இறந்த அன்றைக்குக்கூட இப்படி எல்லார் முன்னாலும் அழாதவள்.

குளியலறையில் சொல்லிப் பார்த்த வரி தொண்டைவரை வந்தது. ஆனால் அது வாசலில், தனியாக, ஒருவனிடம் சொல்கிற வரி. எல்லென் சொன்னபோது எதிரே வால்ட்டர் மட்டும்தான் நின்றான். வால்ட்டருடைய அப்பா வரவில்லை, எல்லென்னின் சித்திகள் ஃபோனைத் தூக்கிப் பிடிக்கவில்லை, அவள் அம்மா அழவில்லை. மின் வாயைத் திறக்கவேயில்லை. தலை மட்டும் அசைந்தது, கீழும் மேலும், இரண்டு முறை. அதுவே போதுமாயிருந்தது. கைதட்டலில் மோதிரம் விரலுக்குள் போய்விட்டது. கொஞ்சம் இறுக்கம்.

"கல்யாணம் அஞ்சாம் மாசம்," என்று அம்மா எழுந்து நின்று அறிவித்தாள்.

பிறகு விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். அரங்கத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், படம் சும்மா போகவேண்டாமே. சூரியகாந்தி விதைப் பொட்டலம் கைமாறியது. சித்திகள் கொறித்தார்கள். எல்லென் பாலம் வரைந்தாள், சண்டை போட்டாள், ஏரிக்கரை வீட்டுக்கு வந்தாள். மின்னின் கை ஹாய்போவின் கையில் இருந்தது. அவன் கை சூடாக, நிம்மதியாக இருந்தது.

நாளைக்குத் திங்கள். பெய்ஜிங்குக்கு என்ன சொல்வது? இப்போதே சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லப்போவதில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

திரையில் எல்லென் வாசலுக்கு வந்தாள். அவள் உதடு பிரிவதற்கு முந்தின மூச்சு மின்னுக்கு மனப்பாடம். அந்த மூச்சைத் தானும் இழுத்தாள். ஹாய்போவின் பக்கம் முழுசாகத் திரும்பி, அவன் கண்ணைப் பார்த்து, திரையோடு சேர்ந்தே சொன்னாள்.

"நான் உன்கூட வரலை, ஹாய்போ. எனக்கு அந்த வேலை வேணும்."

ஒரு நொடி அவன் அசையாமல் பார்த்தான். புரிந்துகொண்டான் என்று நினைத்தாள்.

அவன் முகம் மலர்ந்தது. "ஐயோ, என் பேரைப் போட்டு! உதடு ஒரு துளி பிசகலை, மின்!" சிரிப்பை அடக்கமுடியாமல் அவள் தோளில் முட்டினான். "ஒரு நிமிஷம் இரு. இன்னொரு தடவை சொல்லு. ஃபோன்ல பிடிச்சுக்கறேன், உங்கம்மாவுக்குப் போட்டுக் காட்டணும்."

இது படம் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். திரையில் எல்லென் பெட்டியை எடுத்துக்கொண்டு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தாள். அந்த முதுகில் வசனம் கிடையாது. பின்தொடர எதிரே ஓர் உதடு இல்லாமல் தன் சொந்த வார்த்தை ஒன்றைக்கூட அவளால் உருட்டி வெளியே தள்ள முடியவில்லை. முன்னால் ஃபோனின் சிவப்புப் புள்ளி எரிந்தது.

"ம், சொல்லு."

அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வரிதான். அதையே சொன்னாள். விளையாட்டுக்குரிய குழைவு எதையும் சேர்க்காமல், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, எல்லென் சொன்னதைவிட உண்மையாகச் சொன்னாள். "நான் உன்கூட வரலை, ஹாய்போ. எனக்கு அந்த வேலை வேணும்." இரண்டு வரிசை பின்னால் தியேன் சார் இருமினார். பிறகு எழுந்து, குனிந்தபடி, திரையை மறைக்காமல் வெளியே போய்விட்டார்.

ஹாய்போ கண்ணைத் துடைத்துக்கொண்டான். "முன்னதைவிட இது இன்னும் நல்லா இருக்கு," என்று சொல்லி ஃபோனை முன்வரிசைக்கு நீட்டினான்.

அம்மா அதைக் காதோடு வைத்துக் கேட்டாள். திரும்பவும் ஒரு தடவை போட்டுக் கேட்டாள். பக்கத்துச் சித்தியிடம் சொன்னாள்: "எவ்வளவு தெளிவாச் சொல்றா பாரு என் பொண்ணு."